வெள்ளேரித்தாங்கலில் நூறு ஷட்டர்

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு ஆசை வருவதே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் என்ன வாங்குகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் தனக்கு என்ன குறை என்பதையே கண்டுபிடிக்கிறார்கள். அவன் மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டால் இவனுக்குச் சோறு இறங்காது. அவன் பெண்டாட்டி மிக்ஸி வாங்கினால் இவன் வீட்டு அம்மி அன்றைக்கே கனத்துப் போகும். கேவலமான புத்தி.

அப்பாவு இதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். சொல்லும்போது கண் மட்டும் பக்கத்து வீட்டின் மேலேயே இருக்கும்.

பக்கத்து வீடு பரந்தாமனுடையது. இருவரும் சகலைகள். அக்கா நாகம்மாளை அப்பாவுக்கும் தங்கச்சி கண்ணம்மாவைப் பரந்தாமனுக்கும் கட்டிக் கொடுத்து, ஒரே மனையை இரண்டாகப் பிரித்து அக்கம்பக்கமாகக் குடிவைத்திருந்தார் மாமனார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அதனால் முப்பத்தைந்து வருஷமாக, பரந்தாமன் வீட்டில் எது வந்து இறங்கினாலும் அப்பாவு வீட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பரந்தாமன் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாதம் பிறந்தால் பென்ஷன். அப்பாவு விவசாயக் குடும்பம். பட்டாபிராமுக்கும் சேக்காட்டுக்கும் நடுவில் இருந்த நிலமெல்லாம் மனைக்கட்டு ஆனபோது, வந்த பணத்தில் இருநூற்று நாற்பது இரும்பு மடக்கு நாற்காலி, ஒரு ஷாமியானா, நாலு அண்டா வாங்கி வாடகைக் கடை போட்டார். வீட்டுக்கு முன்னால் கீற்றுக் கொட்டகை. அதுதான் கடை. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எந்த ஊர்க்காரன் வீட்டில் மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, பதினாறாம் நாள் என்றாலும் அப்பாவு நாற்காலிதான். பேரூராட்சி ஆபீசில் சுதந்திர தினத்துக்கும் அதே நாற்காலிதான். ஒவ்வொன்றின் முதுகிலும் நீலப் பெயின்ட்டில் ஒரு 'அ' எழுதியிருக்கும். இருபத்திரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

எண்பத்தெட்டாம் வருஷம் வெள்ளேரித்தாங்கல் பேரூராட்சிக்குக் குணசேகரன் என்று ஒரு செயல் அலுவலர் வந்து சேர்ந்தார். வந்த வாரமே தலைவர் கஜபதியை மேடையில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் போட்டார்.

"பெருமக்களே, உங்கள் ஊரின் நோய் என்ன என்று கண்டுபிடித்துவிட்டேன்," என்றார். "காலையில் எழுந்திருக்கிறீர்கள். ரயில் ஏறி சென்ட்ரலுக்குப் போகிறீர்கள். சாயங்காலம் வந்து தூங்குகிறீர்கள். தூக்கத்துக்கு வரி போடச் சட்டத்தில் இடமில்லை. நான் தேடிப் பார்த்தேன். வீட்டு வரி ஒன்றையே எத்தனை நாள் கறப்பது? வணிகம் வளர வேண்டும். வணிகம் வளர்ந்தால் வரி போடுவதற்கு ஆள் கூடும். ஆள் கூடினால் வருமானம் கூடும். வருமானம் கூடினால் நாம் முதல் நிலைப் பேரூராட்சி ஆவோம். ஆனால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். செயல் அலுவலருக்கு ஜீப் கிடைக்கும்."

ஜனங்கள் கை தட்டினார்கள். ஜீப் என்ற சொல்லைக் கேட்டால் அந்தக் காலத்தில் யாரும் தட்டுவார்கள்.

முதல் நிலை ஆவதற்கு நூறு வணிக நிலையம் வேண்டும் என்று மேலே சொல்லியிருந்தார்களாம். வணிக நிலையம் என்றால் என்ன என்று மட்டும் சொல்லவில்லை. குணசேகரன் மூன்று நாள் யோசித்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஷட்டர்.

"திறந்து வைப்பதற்கு எவனாலும் முடியும்," என்று பில் கலெக்டர் வரதனுக்கு விளக்கினார். "சத்திரம் திறந்திருக்கிறது, குளம் திறந்திருக்கிறது. அதெல்லாம் கடையா? மூடத் தெரிந்தவன்தான் வணிகன். ஷட்டரை எண்ணிக்கொண்டு வா."

வரதன் சைக்கிளில் போய் எண்ணினான். பதினொன்று தேறியது. பன்னிரண்டாவதாகப் பரந்தாமன் வீட்டில் ஒரு ஷட்டர் கண்ணில் பட்டது.

அது வந்த கதை அப்பாவுக்குத் தெரியும். முன்னறையின் மரக்கதவைக் கரையான் தின்றுவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஷெட்டிலிருந்து பழைய ஷட்டர் ஒன்றை மலிவாக வாங்கி வந்து மாட்டினான் பரந்தாமன். உள்ளே அவனுடைய மொபெட்டும் ஒரு அரிசி மூட்டையும் நின்றன. அவ்வளவுதான்.

"சார், இது கடை இல்ல. என் ஊடு," என்றான் பரந்தாமன்.

"ஷட்டர் கீதே," என்றான் வரதன்.

"கதவு கரையான் அரிச்சிட்ச்சுப்பா."

"எதனால வணிகத்துல எறங்குனன்னு ஃபாரத்துல கேக்கல. இன்னா வியாபாரம்னு போடட்டும்?"

 வரதன் தானே 'பொது' என்று எழுதிக்கொண்டு போய்விட்டான்.

பத்து நாள் கழித்து அப்பாவுக்கு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. விழா, நாற்பது நாற்காலி வேண்டும். என்ன விழா என்று கேட்காமல் அப்பாவு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிரித்துப் போட்டார். போட்டு முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், முதல் வரிசையில், தன் நாற்காலியில், வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருக்கிறான் பரந்தாமன்.

"இருக்கிற வீட்டையே வணிகமாக மாற்றிய முன்னோடி வணிகர்!" என்று மைக்கில் சொன்னார் குணசேகரன். சால்வை போட்டார்கள். 'வணிக நிலையம் எண் 12' என்று ஒரு தகரப் பலகை கொடுத்தார்கள். கண்ணம்மா பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்று எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்தாள். நாகம்மாள் தன் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பாவு அதில் நிறையப் படித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வரதனை வழிமறித்தார்.

"இன்னா வரதா, என் கடையத் தாண்டிகினு போற?"

"எந்தக் கடை?"

"எதுல சாஞ்சிகினு நிக்கிறியோ, அந்தக் கடை."

வரதன் மூங்கில் காலிலிருந்து கையை எடுத்தான். "இது கடை இல்ல நைனா. கொட்டாய்."

"இருவத்திரண்டு வருசமா உங்க ஆபீசுக்கு நாற்காலி எங்கேர்ந்து போவுது?"

"இங்கேர்ந்துதான். யாரு இல்லன்னா? ஃபாரத்துல ஷட்டர் கீதா இல்லையான்னுதான் கேக்குறான். நாற்காலி கீதான்னு கேக்கல."

"அப்போ இது இன்னான்னு எழுதிகினு கீற?"

வரதன் நோட்டைப் புரட்டினான். "தற்காலிக அமைப்பு."

"ஏண்டா, உன் கல்யாணத்துக்கு நாற்பது நாற்காலி எடுத்துகினு போனியே, அதுவும் தற்காலிகக் கல்யாணமா?"

வரதன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அப்பாவுக்குப் பொழுது ஒரு சத்தத்தில் ஆரம்பித்தது. சரியாக ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டில் ஷட்டர் கடகடவென்று மேலே ஏறும். பகல் ஒரு மணிக்கு இறங்கும். வணிக நிலையத்துக்கு நேரம் உண்டு என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். நடுவில் பரந்தாமன் ஒரு மேஜைக்குப் பின்னால், மொபெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எதையும் விற்கமாட்டான். எவனாவது வந்து "ஒரு தீப்பெட்டி குடு" என்றால், "அதெல்லாம் இங்க இல்லப்பா" என்று பெரிய கடைக்காரன் மாதிரி கையை ஆட்டுவான். அந்தக் கை ஆட்டுதலை அப்பாவு தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒருத்தனுக்கும் இல்லை என்று சொன்னதில்லை. இல்லை என்று சொல்வதில் இவ்வளவு மரியாதை இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை.

பொறுக்க முடியாமல் ஆபீசுக்குப் போனார். குணசேகரன் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்களையும் சேர்த்துக்கொள்ளத்தான் ஆசை, பெரியவரே. ஷட்டர் போட்டுவிடுங்கள்."

"கீத்துல எப்படி சார் ஷட்டர் நிக்கும்?"

"நிற்காது. சுவர் வேண்டும்."

"சுவர் எழுப்பிக்கிறேன்."

"அனுமதி வேண்டும். வணிகக் கட்டட அனுமதி."

"குடுங்க."

"அது வணிகர்களுக்குத்தான். நீங்கள் வணிகர் இல்லையே."

"அது ஆவறதுக்குத்தான சார் ஷட்டர் போடறேன்றேன்."

"அதைத்தானே நானும் சொல்கிறேன்! முதலில் ஷட்டரைப் போட்டுவிட்டு வாருங்கள். அன்றைக்கே அனுமதி தருகிறேன். ஒரு நாள் கூடத் தாமதிக்கமாட்டேன். இந்த ஆபீசில் வேலை வேகமாக நடக்கும்."

அப்பாவு திரும்பி வந்தார். அதற்குள் ஊரே தலைகீழாகிக்கொண்டிருந்தது. பரந்தாமனுக்குச் சால்வை விழுந்ததைப் பார்த்தவர்கள் வீட்டில் சும்மா இருப்பார்களா? ஞானம்மாள் தன் ஆட்டுக் கொட்டகைக்கு ஷட்டர் போட்டாள். முப்பத்தொன்றாவது வணிக நிலையம். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் ஒரே வாசலுக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு ஷட்டர் மாட்டினார்கள். தம்பி வெளியே வர அண்ணன் திறக்க வேண்டும். கிணற்றடிக் குளியலறைக்கு ஷட்டர் போட்ட ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை அது சிக்கிக்கொண்டு மத்தியானம்வரை உள்ளேயே குளித்தார். பிள்ளையார் கோயிலுக்கும் ஒரு ஷட்டர் போட்டார் பூசாரி. வரதன் அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டே 'வணிகம்: இதர' என்று எழுதினான்.

நிஜமாக வியாபாரம் செய்தவர்கள், தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்ற நாகவல்லி, கூடையில் மீன் கொண்டுவந்தவள், மரத்தடியில் செருப்பு தைத்தவன், இவர்களெல்லாம் ஷட்டர் இல்லாததால் ஊரின் வணிகச் சூழலைக் கெடுக்கிறார்கள் என்று விரட்டப்பட்டார்கள்.

ஷட்டர் கணக்கு தொண்ணூற்றேழு ஆனது. தொண்ணூற்றெட்டு ஆனது. ஒரு நாள் பரந்தாமன் அப்பாவு கொட்டகைக்கு வந்தான். தோளில் சால்வை. வெயில் காலத்தில்.

"அண்ணாத்தே, வணிகர் சங்கம் ஆரம்பிக்கிறோம். நான்தான் தலைவர். முப்பது நாற்காலி வேணும்."

"எடுத்துக்கோ."

"அப்புறம் இன்னொண்ணு. உன்ன மாதிரி சின்ன ஆளுங்களையும் சங்கத்துல ஒரு ஓரமா சேத்துக்கணும்னு நான்தான் ஆபீசர் கிட்ட பேசிகினு கீறேன். கவலப்படாத."

அப்பாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். முப்பது நாற்காலியையும் அவரே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார். திரும்பி வந்து கொட்டகைக்குள் நின்று அடுக்கி வைத்திருந்த மீதி நாற்காலிகளைப் பார்த்தார். இத்தனை நாளும் அவருக்குச் சோறு போட்ட நாற்காலிகள். இப்போது பார்த்தால் ஒவ்வொன்றும் பரந்தாமன் உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலியாகத் தெரிந்தது.

குத்தம்பாக்கத்தில் ஒருத்தன் புதிதாக வாடகைக் கடை ஆரம்பித்திருந்தான். அவனைக் கூப்பிட்டு இருநூற்று நாற்பதையும், ஷாமியானாவையும், நாலு அண்டாவையும் ஒரே பேச்சில் கொடுத்துவிட்டார்.

நாகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாற்காலிய வித்து ஷட்டர் போடுறியே, ஷட்டருக்குள்ள இன்னாய்யா வெப்ப?"

"மூடி வெச்சா எவனுக்குத் தெரியப் போவுது?"

"சோத்துக்கு?"

"அவன் இன்னாத்த விக்கிறான்? அவன் துன்னல?"

"அவனுக்குப் பென்சன் வருதுய்யா!"

அப்பாவு எழுந்து வெளியே போய்விட்டார். பென்ஷன் என்ற வார்த்தை அவர் வீட்டில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை.

கொட்டகையைப் பிரித்தார்கள். அனுமதி இல்லாமலே சுவர் எழும்பியது. ஷட்டர் வந்தது. பரந்தாமனுடையதைவிட இரண்டடி அகலம், புத்தம் புதுசு, பச்சை நிறம். கொத்தனார் ஒரு அடி அகலம் கூட்டினால் போதும் என்று எவ்வளவோ சொன்னார். அப்பாவு கேட்கவில்லை. முதல் நாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே அதை ஏற்றினார். சத்தம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. பக்கத்து வீட்டில் பரந்தாமன் தன் ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அப்பாவுக்கு அந்த ஒரு நிமிஷம் கொடுத்த சுகத்தை வேறெதுவும் கொடுத்ததில்லை.

வரதன் வந்தான். பார்த்தான். 'வணிக நிலையம் எண் 100' என்று எழுதினான்.

"இன்னா வியாபாரம் நைனா?"

"அவனுக்கு இன்னா போட்ட?"

"பொது."

"எனக்கும் அதையே போடு. கொஞ்சம் பெருசா எழுது."

அந்த வாரமே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு மதுரைக்காரர் வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம், எண்பது நாற்காலி வேண்டும் என்றார்.

"நாற்காலி இங்க இல்ல," என்றார் அப்பாவு, கையை ஆட்டி. ஆட்டிப் பார்த்தார். பரந்தாமன் ஆட்டும்போது இருந்த அழகு தனக்கு வரவில்லை என்று தோன்றியது.

"பின்னே இது என்ன கடைங்க?"

"கடைதான்."

மதுரைக்காரர் ஷட்டரையும் உள்ளே இருந்த காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

நூறு நிறைந்ததும் விழா. மேலேயிருந்து உதவி இயக்குநர் வந்து பார்த்து முதல் நிலை என்று அறிவிக்க வேண்டும். பந்தல், தோரணம், மாலை, மைக் எல்லாம் தயார். விழா நாள் காலையில்தான் குணசேகரனுக்கு ஞாபகம் வந்தது.

"நாற்காலி எங்கே? அப்பாவுவிடம் சொல்லியாயிற்றா?"

"அவரு இப்போ வணிகர் ஆயிட்டாரு சார்," என்றான் வரதன். "நாற்காலி இல்ல."

குத்தம்பாக்கத்துக்கு ஆள் ஓடியது. அதற்குள் உதவி இயக்குநரின் கார் வந்துவிட்டது. அவர் இறங்கிப் பந்தலுக்குள் வந்தார். உட்கார இடமில்லை. நின்றார். தலைவர் கஜபதி மாலை போட்டார். நின்றுகொண்டே வாங்கினார். இறைவணக்கம் பாடினார்கள், அதற்கு எப்படியும் நிற்க வேண்டியதுதான். அது முடிந்த பிறகும் நின்றார். முக்கால் மணி நேரம் போயிற்று.

"நூறு வணிக நிலையம் இருக்கிற ஊரில் வாடகைக்கு ஒரு நாற்காலி கிடைக்காதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் சில்லறை வேலை சார்," என்றார் குணசேகரன் பெருமையாக. "எங்கள் ஊர் அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டது."

உதவி இயக்குநர் தலையாட்டி அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

டெம்போ வந்தது. நாற்காலிகளை இறக்கினார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் நீலப் பெயின்ட்டில் 'அ'. அப்பாவு பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பினார். குத்தம்பாக்கத்துக்காரன் அவரை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தான்.

"பெரியவரே, நல்ல ஐட்டம். மூணு முகூர்த்தத்துல போட்டது வந்துட்ச்சு. எதுக்கு வித்த?"

"உன் கடைக்கு ஷட்டர் கீதா?"

"எங்க? கீத்துக் கொட்டாய்தான்."

"அதான்," என்றார் அப்பாவு.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறினார். முதல் நாற்காலியில் உதவி இயக்குநர், இரண்டில் தலைவர் கஜபதி. மூன்றில் பரந்தாமன். நான்கில் ஞானம்மாள், ஐந்தில் பூசாரி. ஆறாவதைக் காட்டினார்கள்.

குணசேகரன் மைக்கைப் பிடித்தார். "நூறாவது வணிகரைப் பாருங்கள்! வணிகத்துக்காகத் தன் வியாபாரத்தையே தியாகம் செய்தவர்! இவரைப் போல ஒவ்வொருவரும் செய்தால், இந்த ஊரில் பிழைப்பு என்ற பேச்சே இருக்காது. வரி மட்டும்தான் இருக்கும்!"

பயங்கரக் கைதட்டல். சால்வை போட்டார்கள். சால்வைக்குள் நாலாக மடித்து ஒரு தாள் இருந்தது. வணிகக் கட்டடத்துக்கான அரையாண்டு வரி, தொழில் வரி, பலகைக்கு வரி. நூறு பேருக்கும் அப்படியே. கிணற்றடிக்காரர் தன் தாளைப் படித்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவு தாளைப் பிரிக்கவில்லை. மூன்றாவது நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரன் வந்தான். "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, படத்துல அஞ்சு பேருதான் விழுது," என்றான். அப்பாவு எழுந்தார். மேடையை விட்டு இறங்கினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார்.

"அண்ணாத்தே, தேசிய கீதம் பாக்கி கீதே!" என்று மேடையிலிருந்து கூப்பிட்டான் பரந்தாமன்.

நாகம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். "நில்லுய்யா. இன்னும் இன்னா உனக்கு? அவனுக்கும் போட்டாங்க, உனக்கும் போட்டாங்க. ரெண்டு பேரும் இப்போ ஒண்ணுதான்."

"ஒண்ணா? மூணு எங்க, ஆறு எங்க? நடுவுல ஆடு ஒண்ணு, கோயில் ஒண்ணு."

அவர் தோளிலிருந்து நழுவி விழுந்த தாளை அவள் குனிந்து எடுத்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தாள். முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் மெதுவாக, அவரைச் சமாதானப்படுத்த ஒரு வழி கிடைத்த மாதிரி சொன்னாள்.

"இதப் பாரு. உன் ஷட்டர் அவனுதவிட ரெண்டடி அகலம். அதனால அவனவிட உனக்குத்தான் வரி ஜாஸ்தி போட்டுகினு கீறாங்க. ஊர்லயே உனக்குத்தான் ஜாஸ்தி."

அப்பாவு நின்றார். ஒரு கணம் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நெசமாவா?"

"நெசமாத்தான். கண்ணம்மா தாளயும் பாத்துட்டுத்தான் வரேன்."

 அப்பாவு இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எழுதுனவன் வரதன். அவன நம்ப முடியாது. எனக்குத் தெரியாம பரந்தாமனுக்குத் தனியா இன்னொரு தாள் குடுத்துருப்பான்," என்று சொல்லிவிட்டு, பட்டாபிராம் கேட் பக்கமாக நடந்து போனார்.